தொகுதி அறுபத்தொன்று

விடியும்போது ஏரியைக் காணோம்.
இரவில் காற்று திசை மாறி
ஆகாயத்தாமரையைக் கரைவரை தள்ளி வைத்திருக்கிறது.
படகுக்காரர்கள் வைகிறார்கள்.
நாங்கள் அரிவாளோடு இறங்குகிறோம்.

அவர்களுக்குச் சனியன், எங்களுக்குச் சரக்கு.
தண்டை நறுக்கி, சோடாவில் வேகவைத்து,
அலசி அரைத்துத் தகரத்தில் காயப்போட்டால்
பழைய ரொட்டிபோல் எழும்பி வரும்.
அழுத்தித் துணிக்குள் வைத்தால் நாப்கின்.
எட்டு கொண்ட பாக்கெட் ஐம்பது ஷில்லிங்.
கடையில் தொங்கும் வெளிநாட்டுச் சரக்கு நூற்றிருபது.
நடுவிலுள்ள அந்த எழுபதில்தான்
எங்கள் தகரக் கொட்டகை நிற்கிறது.

என் வேலை வேறு.
சம்பளப் பட்டியலில்: அடோயோ, தரப் பரிசோதகர்.
உள்ளபடி சொன்னால், அணிந்து பார்ப்பவள்.

வெசோங்கா படித்தவன்.
பீட்ரூட் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து
சொட்டுச் சொட்டாக விட்டுக் கடிகாரம் பார்ப்பான்.
முப்பது மில்லி, கசிவில்லை என்று எழுதுவான்.
மேசை எங்கே நடந்தது?
மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு
மணலிலிருந்து தார்ச்சாலைவரை
மேசை என்றைக்கு ஏறியது?
மேசைக்குத் தும்மல் உண்டா?
அதனால் நான்.

மாதத்துக்கு ஒரு தொகுதி, ஐந்து வருடம்.
குறிப்பேட்டில் என் கையெழுத்து கோணல்தான், பொய் இல்லை:
*பன்னிரண்டு. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இரண்டு மணி நேரம். சுருண்டுவிட்டது.*
*இருபத்தேழு. மாமியார் அடக்கம். பகல் முழுக்க நின்றேன். நன்று.*
*நாற்பது. தேவாலயம். வெள்ளைப் பாவாடை. கேட்காதே.*

சின்ன வயதில் எனக்கு மெத்தையைக் கிழித்த பஞ்சு.
அதுவும் தீர்ந்த மாதம்
மீன்காரனிடம் கடன் கேட்டேன்.
அந்தக் கடனை அவன்
ஷில்லிங்கில் திருப்பிக் கேட்கவில்லை.
இது குறிப்பேட்டில் இல்லை.

எங்கள் மொழியில் நிலவும் மாதமும் ஒரே சொல்.
மூன்று திங்களாக
வானத்தில் வருவது மட்டும் வருகிறது.
பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் வரவில்லை.
நாற்பத்தொன்பது வயதில் இது அதிசயம் இல்லை,
ஆனால் சம்பளம் இதற்குத்தானே?
ஐம்பத்தெட்டு: நன்று.
ஐம்பத்தொன்பது: நன்று.
அறுபது: மிக நன்று.
'மிக' எதற்கு என்று
வெசோங்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேற்று படகில் அலூச் கூப்பிட்டாள்.
கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.
பாக்கெட்டாக வாங்க மாட்டாள்,
வெங்காயம் போல, சிகரெட் போல உதிரியாக இரண்டு.
உதிரியில் விற்கக் கூடாது என்பது அலுவலக விதி.
அலுவலகம் கரையில் இருக்கிறது; நான் பிரித்துக் கொடுப்பேன்.
காசை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
"உன் சரக்கு ரத்தத்தைப் பிடிக்கிறது, சரி.
இப்போதெல்லாம் என் தொடையையும் பிடிக்கிறது."
படகில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.
ஒருத்தி மட்டும் தலையாட்டினாள்,
கூட இன்னொருத்தி.

இன்று காலை ரொட்டிபோல் அடுக்கிய அறுபத்தொன்றிலிருந்து
ஒன்றை உருவினேன்.
ஒன்றும் வராத உடம்பில் அணிந்தேன்.
சந்தைவரை நடந்தேன், திரும்பினேன்,
மாவு மூட்டை தூக்கினேன், பாறையேறினேன்,
யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்சம் ஓடினேன்.
மூன்றாம் மணியில் தெரிந்தது.
ஐந்தாம் மணியில் காலை அகட்டி நடந்தேன்.
புதுத் தையல் இயந்திரம் வந்து
மூன்று மாதம்தான் ஆகிறது.

மாலையில் குறிப்பேட்டைத் திறந்தேன்.

*அறுபத்தொன்று. ரத்தம் வரவில்லை, நான்காம் மாதம். இனி வராது என்று நினைக்கிறேன்.*
*ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது நான் சோதிக்கவில்லை. அடித்துவிடவும்.*
*ஒன்பது மணி நேரம் அணிந்தேன். வலது ஓரம் அறுக்கிறது. தையலை உள்ளே மடிக்க வேண்டும்.*

மூடி வைத்தேன்.
கொட்டகைக்குள் இயந்திரம்
அதே ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தது.
மறுபடி திறந்து, பெரிய எழுத்தில்,
*இன்றைக்கே* என்று சேர்த்தேன்.